ஒரு குதிரை, இரண்டு பேர், நடுவில் ஒரு நோட்டு

பிராம்பிள் எங்கள் குதிரை இல்லை. நானும் என் தோழியும் அவளை இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் இது சகஜமான ஏற்பாடு. குதிரை வைத்திருப்பவருக்கு வயதாகும், அல்லது முதுகு வலி வரும், அல்லது ஆசைப்பட்டு வாங்கித் தரச் சொன்ன மகள் படிக்க வெளியூர் போய்விடுவாள். விற்க மனசு வராது. அப்போது நம்பிக்கையான ஒருவரிடம் குதிரையைக் கொடுத்து வைப்பார்கள். வாங்கியவர் சவாரி செய்யலாம். தீனி, லாடம், மருத்துவர், தங்கும் இடத்தின் வாடகை எல்லாம் அவர் பொறுப்பு. குதிரை மட்டும் கடைசிவரை உரிமையாளருடையது.

நாங்கள் இருப்பது எய்ல்ஸ்பரி பக்கம். தோழி மருத்துவமனையில் நர்ஸ். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி வரும். எனக்கு அலுவலக வேலை. தனியாக ஒரு குதிரையைச் சமாளிக்க இருவராலும் முடியாது. அதனால் வாரத்தைப் பிரித்துக்கொண்டோம். செலவு பாதிப் பாதி. கேட்க மிகச் சுலபமான கணக்கு. ஆனால் இந்தக் கணக்கில் பங்கு போடுவதற்கு மிகக் கடினமான விஷயம் செலவும் இல்லை, சவாரியும் இல்லை. குதிரையைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதுதான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

சென்னையில் வளர்ந்த எனக்கு மெரினாவில் நூறு அடி கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் குதிரையைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. இங்கே வந்தபின், முப்பது வயதுக்கு மேல், ஒரு சவாரிப் பள்ளியில் கற்றுக்கொண்டேன். அம்மா இன்னும் போனில் கேட்பார், "அடுத்தவங்க குதிரைக்கு நீ ஏன்டி லத்தி அள்ளுற?" நல்ல கேள்விதான். சவாரிக்கு ஒரு மணி நேரம் என்றால் அதைச் சுற்றியிருக்கும் வேலைக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் போகும். அந்த வேலையில்தான் குதிரையோடு உண்மையான பழக்கம் வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

பிராம்பிள் ஒரு காப் வகைப் பெண் குதிரை. கறுப்பு வெள்ளைத் திட்டுகள், கணுக்காலைச் சுற்றி நீளமான முடி, அகலமான முதுகு. நிதானமானவள். ஆனால் குதிரை எவ்வளவு நிதானமானதாக இருந்தாலும் அதன் உடம்பு அப்படி இல்லை. நாள் முழுக்க மேய்வதற்கென்றே படைக்கப்பட்ட உடம்பு அது; விட்டால் பதினாறு மணி நேரம் மேயும். வயிறு, உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வாந்தி எடுக்க அதனால் முடியாது. ஆகவே உள்ளே போனது எதுவானாலும் பின்வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதில் தடங்கல் வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. குதிரை வைத்திருப்பவர்கள் லத்தியைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் ஒப்பந்தம். "நமக்குள்ள எதுக்கு எழுத்துப்பூர்வமா?" என்று நம்மூரில் கேட்கத் தோன்றும். எழுதியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. 2020 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் எல்லாக் குதிரைகளுக்கும் உடம்பில் மைக்ரோசிப்பும் கட்டாயம். பாஸ்போர்ட் குதிரை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும், அதாவது எங்களிடம். ஆனால் அந்தப் பாஸ்போர்ட் யார் உரிமையாளர் என்பதற்குச் சான்று ஆகாது. இரவல் வாங்கியவரே குதிரையை விற்றுவிட்டு மறைந்த கதைகள் இங்கே உண்டு. ஆகையால் எழுத்து உரிமையாளரைக் காக்கிறது. எங்களையும் காக்கிறது, ஏனென்றால் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ஒரு விலங்குக்குத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றவரையும் பொறுப்பாளி என்றே சொல்கிறது. "என் குதிரை இல்லையே" என்று நாங்கள் கை விரிக்க முடியாது.

பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை நல அமைப்பு தரும் மாதிரி ஒப்பந்தத்தை வைத்து, பிராம்பிளின் உரிமையாளர் வீட்டுச் சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பேசினோம். லாடக்காரர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, தடுப்பூசி, பல், குடற்புழுவுக்கு லத்திப் பரிசோதனை, காப்பீடு, குதிரையைத் திருப்பிக் கொடுப்பதானால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். எல்லாம் சீக்கிரம் முடிந்தன. ஒரு வரிக்கு மட்டும் நேரம் பிடித்தது. குதிரைக்குத் தாங்க முடியாத வலி, காப்பாற்ற வழியில்லை என்று கால்நடை மருத்துவர் சொல்கிறார், உரிமையாளரைப் போனில் பிடிக்க முடியவில்லை. அப்போது யார் முடிவெடுப்பது? உரிமையாளர் அம்மா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்காக அவளைக் காக்க வைக்காதீர்கள். மருத்துவர் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். அதை எழுதுங்கள்." எழுதினோம். பிராம்பிளை அவர் ஏன் விற்கவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. விற்ற குதிரை அடுத்து யார் கைக்குப் போகும், வயதானபின் என்ன ஆகும் என்று விற்றவருக்குத் தெரியாது. இரவலில் அந்தக் கயிறு அறுவதில்லை. இங்குள்ள சில குதிரை நலத் தொண்டு நிறுவனங்களும் மீட்ட குதிரைகளை உரிமை மாற்றாமலே வீடுகளுக்குக் கொடுக்கின்றன. 1927இல் ஏடா கோல் என்ற பெண்மணி தொடங்கி, இப்போது வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு அவற்றில் ஒன்று. உழைத்துக் களைத்த குதிரைகளை இங்கிருந்து கப்பலேற்றி ஐரோப்பாவில் கசாப்புக்கு அனுப்பியதைக் கண்டு கொதித்தவர் அவர்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

லாயத்தில், சேணம் வைக்கும் அறையில் ஒரு கனமான நோட்டு கயிற்றில் தொங்குகிறது. வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு நோட்டு என்று தோழி முதலில் கேட்டாள். வாட்ஸ்அப்பில் போட்டோ வரும், பிறந்தநாள் வாழ்த்து வரும், நடுவில் "இன்னைக்குக் கொஞ்சம் மந்தமா இருக்கா" என்ற வரி மேலே போய்விடும். நோட்டில் அப்படி எதுவும் தொலையாது. போனவர் எழுதாமல் கிளம்பக் கூடாது. எத்தனை முறை லத்தி போட்டிருக்கிறாள், எப்படி இருந்தது. இரவு வைத்த புல் வலையில் மிச்சம் எவ்வளவு. வாளியில் தண்ணீர் எவ்வளவு குறைந்தது. நான்கு காலும் தொட்டுப் பார்த்ததில் சூடோ வீக்கமோ. குளம்புக்குள் சிக்கிய கல். எந்தப் போர்வை போட்டோம். சவாரி செய்தால் எங்கே, எப்படி இருந்தாள்.

முக்கியமாகக் குளம்புக்கு மேலே, கணுக்காலில் துடிக்கும் நாடி. ஆரோக்கியமான குதிரைக்கு அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். விரலுக்கு மெலிதாகத்தான் படும். குளம்புக்குள் அழற்சி வந்தால் அது தடதடவென்று அடிக்கும். ஆனால் "வழக்கத்தைவிட அதிகம்" என்று சொல்ல, வழக்கம் என்னவென்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து, ஒரே காலில் மாற்றி மாற்றி விரல் வைத்துப் பழகினோம். மெலிது, நடுத்தரம், பலம் என்ற மூன்று வார்த்தைக்கும் இருவருக்கும் ஒரே அர்த்தம் வரும்வரை.

கடும் உறைபனி அடித்த ஒரு குளிர்கால மாலை. அன்று என் முறை. பிராம்பிள் லாயத்தின் பின்பக்கம் நின்றிருந்தாள். கதவுச் சத்தம் கேட்டதும் வருகிறவள் வரவில்லை. தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தாள், முன்காலால் தரையைச் சுரண்டினாள். நோட்டைத் திறந்தேன். காலையில் தோழி எழுதியிருந்தாள்: "லத்தி வழக்கத்தில் பாதிதான். சின்னதாக, காய்ந்து இருக்கிறது. வாளி உறைந்திருந்தது, ஐஸை உடைத்தேன், ஒரு வாய்தான் குடித்தாள்." அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தில் பதில் இருந்தது: கடைசியாக எப்போது லத்தி போட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாளா. குளிரில் தண்ணீர் குறைவாகக் குடித்துக் குடலில் தீனி இறுகிப்போவதால் வரும் கோலிக் என்ற வயிற்றுவலி அது. அவர் வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு உப்புக் கலந்த தண்ணீரை வயிற்றுக்குள் இறக்கினார். நைட் ஷிப்டில் இருந்த தோழி இடைவேளை கிடைத்தபோதெல்லாம் போன் செய்து ஒரே கேள்விதான் கேட்டாள்: "போட்டாளா?" விடிவதற்கு முன் போட்டாள். நான் அழுதுவிட்டேன்.

தோழி காலையில் அந்த மூன்று வரியை எழுதாமல் போயிருந்தால், மாலையில் நான் கண்டிருப்பது கொஞ்சம் சோர்வாக நிற்கும் ஒரு குதிரையை. குளிரினால் இருக்கும் என்று ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. ஒருவரே முழு நேரமும் பார்த்துக்கொள்ளும்போது காலையும் மாலையும் ஒரே மனதில் சேர்ந்துவிடுகின்றன. இரண்டு பேர் பார்க்கும்போது அவை சேர்வதற்கு ஓர் இடம் வேண்டும். அதற்குப் பிறகு உறைபனி நாட்களில் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர்தான். தீனியையும் நன்றாக ஊற வைத்தே கொடுக்கிறோம்.

சவாரியிலும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வரும். தோழி குழந்தையிலிருந்து குதிரை ஏறியவள். காலால் மெல்லச் சொல்வாள், பிராம்பிள் கேட்ட கணமே காலைத் தளர்த்திவிடுவாள். நான் பெரியவளான பின் கற்றவள், கொஞ்சம் தாமதமாகத் தளர்த்துவேன். மனிதருக்கு இது சின்ன வித்தியாசம். குதிரைக்கு அது பெரிது, ஏனென்றால் அழுத்தம் நிற்கும் அந்தக் கணத்தை வைத்துத்தான் "நான் செய்தது சரி" என்று அது புரிந்துகொள்கிறது. ஒரு நாள் உடனே நின்று, மறுநாள் நிற்காமல் போனால், எதைச் செய்தால் சரி என்று அதற்குத் தெரியாது. குழம்பிய குதிரையைப் பிடிவாதக் குதிரை என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம், அநியாயமும் கூட.

ஓர் ஆசிரியரை அழைத்தோம். இருவரையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து ஏற்றி, மற்றவரை வேலிக்கு வெளியே நின்று பார்க்கச் சொன்னார். அப்புறம் எங்கள் விதிகள் நோட்டின் முதல் பக்கத்தில் ஏறின. நிறுத்தும்போது முதலில் குரல், பிறகுதான் கடிவாளம். ஏறும் மேடையிலிருந்து ஏறி அங்கவடியில் கால் மாட்டி உட்கார்ந்தபின் மூன்று எண்ணும்வரை நகரக் கூடாது. கையிலிருந்து தின்பண்டம் கிடையாது. கேரட் வாளியில்தான், ஏனென்றால் கையில் கொடுத்துப் பழக்கினால் கடிக்கக் கற்றுக்கொள்ளும். கடைசி விதி தோழிக்கு வருத்தம்தான். புதினா மிட்டாய் கொடுப்பது அவளுக்குப் பிடித்த விஷயம். இருந்தும் விட்டுவிட்டாள்.

இரண்டு பேர் ஏறுவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர் 2018இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். சவாரியின்போது வலியைக் காட்டக்கூடிய 24 நடத்தைகள் அதில் உள்ளன: காதைப் பின்னால் மடித்தல், வாலை வீசுதல், வாயைத் திறந்து திறந்து மூடுதல், முன்னே போக மறுத்தல் இப்படி. எட்டும் அதற்கு மேலும் தெரிந்தால் வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் முடிவு. ஒருமுறை பிராம்பிள் கேண்டரில், அதாவது நிதானமான பாய்ச்சலில், ஓட மறுத்து வாலை வீசத் தொடங்கினாள். தனியாக இருந்திருந்தால் என் சவாரியில்தான் கோளாறு என்று நினைத்திருப்பேன். தோழி எழுதிய பக்கத்திலும் அதே வால், அதே மறுப்பு. அப்படியானால் காரணம் எங்கள் இருவருக்கும் பொதுவான ஒன்று. சேணம் பொருத்துபவரை வரவழைத்தோம். குளிர்காலத்தில் எடை குறைந்ததில் அவள் முதுகின் வடிவம் மாறி, சேணம் தோள்பட்டைக்குப் பின்னால் அழுத்திக்கொண்டிருந்தது. சரிசெய்ததும் வால் நின்றது.

மனநிலையும் கை மாறுகிறது. குதிரைகள் மனித முகத்தில் கோபத்தை அடையாளம் கண்டுகொள்கின்றன, கோபமான முகத்தைப் படத்தில் பார்த்தவை பிறகு அதே ஆளை நேரில் கண்டதும் எச்சரிக்கையாக இருக்கின்றன என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அலுவலக எரிச்சலோடு வந்த நாளில் நான் சேணமே போடுவதில்லை. தேய்த்துவிட்டு, குளம்பைச் சுத்தம் செய்துவிட்டு, கயிற்றைப் பிடித்துச் சாலையோரம் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போவேன்.

எங்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு வந்தது வசந்தகாலத்தில். காப் வகைக் குதிரைகள் சுலபமாகப் பெருத்துவிடும். ஏப்ரல், மே மாதப் புல்லில் சர்க்கரை அதிகம். அதைத் தின்றே குளம்புக்குள் இருக்கும் திசுக்கள் அழன்று நடக்க முடியாமல் போகும் லாமினைடிஸ் நோய் வரும். முற்றினால் குளம்புக்குள் எலும்பே இடம் பெயரும். அதைத் தடுக்க, நம்மூரில் கன்றுக்குட்டிக்குக் கட்டுவது போன்ற ஒரு வாய்க்கூடு மாட்டி மேயவிடுவார்கள். அதன் ஓட்டை வழியாகக் கொஞ்சம்தான் புல் கிடைக்கும். தோழிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "மாதக்கணக்காகச் சேற்றில் நின்றவள், இப்போதுதான் பச்சையைப் பார்க்கிறாள்" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. எய்ல்ஸ்பரிப் பள்ளத்தாக்கின் களிமண் குளிர்காலம் முழுக்கக் கணுக்கால்வரை இழுக்கும். ஆனாலும் நான் வாய்க்கூட்டின் பக்கம்தான். நோயோடு பல வாரம் லாயத்துக்குள் நின்று கிடப்பதைவிட, கூட்டோடு வயலில் நடப்பது மேல்.

வாதத்தைத் தீர்த்தது எடை நாடா. மார்பைச் சுற்றி வைத்து எடையைக் கணிக்கும் நாடா அது. துல்லியம் இல்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் காட்டும். ஒரே ஆள், ஒரே இடத்தில் வைத்து அளக்க வேண்டும் என்பதால் அந்த வேலை தோழிக்கு. எண்கள் மேலே போவதை அவளே எழுதினாள், மறுவாரம் அவளே வாய்க்கூட்டை மாட்டினாள். இப்போது வசந்தத்தில் இரவில் வெளியே விட்டு, வெயில் ஏறும் முன் உள்ளே கொண்டுவருகிறோம், பகலில்தான் புல்லில் சர்க்கரை ஏறும் என்பதால். இரவு உறைபனி விழுந்த காலைகளில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அந்தப் புல்லில் காலையிலேயே சர்க்கரை நிற்கும்.

கோடையில் மஞ்சள் பூப் பூக்கும் ராக்வார்ட் செடியை வேரோடு பிடுங்குவது எங்கள் இருவரின் கூட்டு வேலை. அது கல்லீரலைக் கொல்லும் விஷம், காய்ந்தாலும் விஷம் போகாது. நவம்பர் 5ஐ ஒட்டி வாணவேடிக்கை வெடிக்கும் மாலைகளில் யாராவது ஒருவர் லாயத்தில் இருப்போம். சாலைச் சவாரியைப் பற்றி ஒன்று மட்டும்: 2022 ஜனவரி 29 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, குதிரையைக் கடக்கும் கார் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். இதைப் படிக்கும் இங்கிலாந்துத் தமிழர்கள் கிராமப்புறச் சாலையில் ஓட்டும்போது தயவுசெய்து நினைவில் வையுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள்.

குதிரையைப் பகிர ஆள் தேடுபவர்கள் என்னிடம் கேட்டால், சவாரி எவ்வளவு தெரியும் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள் என்பேன். மழை பெய்கிற, ஏற முடியாத, இருட்டிய பிப்ரவரி மாலையில் வருவாரா என்பதுதான் முதல் கேள்வி. வந்தாலும் நோட்டில் எழுதுவாரா என்பது அதோடு சேர்ந்தது. என் தோழியைவிட நன்றாகச் சவாரி செய்யும் பலரை எனக்குத் தெரியும். ஆனால் காய்ந்த லத்தியைப் பற்றி மூன்று வரி எழுதிவிட்டு ஷிப்டுக்கு ஓடும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பிராம்பிளுக்கு இப்போது 19 வயது. பின்னங்கால் மூட்டில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. இந்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மீண்டும் அதே சமையலறையில் உட்கார்ந்தோம். தாண்டுவது இனி இல்லை, கேண்டர் மெத்தென்ற தரையில் மட்டும். பிறகு, சவாரியே முடியாமல் போனால் என்ன என்று அந்த அம்மாவே கேட்டார். பழைய ஒப்பந்தப்படி அவள் உரிமையாளரிடம் திரும்பிவிட வேண்டும். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வாளி தூக்க முடியாது. நானும் தோழியும் முன்பே பேசி வைத்திருந்தோம். சவாரி நின்ற பிறகும் பிராம்பிள் இருக்கும் இடத்திலேயே இருப்பாள், வேலை எங்களுடையது, செலவை மூன்றாகப் பிரிப்போம் என்று சொன்னோம். அவர் அதைத் தன் கையாலேயே எழுதினார், மூவரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த மாதம் கால்நடை மருத்துவர் மூட்டை எக்ஸ்ரே எடுக்க வருகிறார். டிராட்டில், அதாவது துள்ளு நடையில், எவ்வளவு நேரம் போகலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறோம்.